போஸின் சணல்

அன்புள்ள ஐயா,

எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மின்காந்த அலைகளை விருப்பப்படி வளைக்கும் மெட்டாமெட்டீரியல் பற்றி புராஜெக்ட் செய்ய ஆசை. வெளிநாட்டு லேப் இல்லாமல் எதுவும் நடக்காது, சிமுலேஷன் போதும் என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா? ஆளை மறைக்கும் போர்வை எப்போது வரும்? மைக்ரோவேவ் உடம்புக்குக் கெடுதலா?

ம.

அன்புள்ள தம்பி,

போர்வையை விடுங்கள். 2006-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் மறைத்தது சின்னச் செம்பு உருளை ஒன்றை. அதுவும் நுண்ணலைக்கு, அதாவது நீங்கள் கேட்ட மைக்ரோவேவுக்குத்தான் மறைந்தது, கண்ணுக்கு அல்ல. உடம்புக்குக் கெடுதலா என்பது எவ்வளவு சக்தி என்பதைப் பொறுத்தது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

'வெளிநாட்டு லேப்' என்றீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. சில நாட்களாக ஜெகதீஷ் சந்திர போஸின் 1898-ம் ஆண்டுக் கட்டுரையைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவர் சணல் நாரை முறுக்கினார். சில கட்டுகள் வலப்பக்கம் முறுக்கியவை, சில இடப்பக்கம். அவற்றை நுண்ணலையின் பாதையில் வைத்தார். வலமுறுக்குச் சணல் அலை அதிரும் தளத்தை ஒரு பக்கம் திருப்பியது, இடமுறுக்கு எதிர்ப்பக்கம். சர்க்கரைக் கரைசல் ஒளிக்குச் செய்வதை அந்த மனிதர் சணலை வைத்து நுண்ணலைக்குச் செய்து காட்டினார். சணலுக்குத் தானாக அந்தக் குணம் கிடையாது. முறுக்கின் வடிவம் கொடுத்த குணம் அது. நீங்கள் ஆசைப்படும் துறையின் அடிப்படையே இதுதான்.

கையால் இதைச் செய்ய முடிந்தது ஏன்? அலைநீளம்தான் காரணம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை; அதை அடக்கும் வடிவங்களைச் செதுக்கப் பெரிய ஆலை வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 சென்டிமீட்டர். அதைவிடச் சிறிதாக, சில மில்லிமீட்டர் அளவில் வடிவம் செய்தால் போதும். ரஷ்ய இயற்பியலாளர் வெசலாகோ 1967-ல் காகிதத்தில் எழுதிய எதிர்மறை ஒளிவிலகலை, அதாவது அலை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளைவதை, 2001-ல் சான் டியாகோவில் நுண்ணலையில்தான் காட்டினார்கள். சர்க்யூட் போர்டில் செம்பு வளையமும் செம்புப் பட்டையும், அவ்வளவுதான். அந்த போர்டு உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும்.

நான் படித்த கல்லூரியில் கிளைஸ்ட்ரான் பெஞ்ச் ஒன்று இருந்தது, நுண்ணலையை உண்டாக்கி அளந்து பார்க்கும் மேசை. பையன்கள் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வயதான லேப் உதவியாளர் ஒருவர் மட்டும் என்னை மாலையில் உட்கார விடுவார். மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பியை அட்டைச் சட்டத்தில் நெருக்கமாகச் சுற்றி, அலையை அனுப்பும் ஹார்ன், வாங்கும் ஹார்ன் என்ற இரண்டு கொம்புகளுக்கு நடுவே பிடித்தேன். கம்பிகள் கிடையாக இருந்தபோது வந்து சேரும் அலையைக் காட்டும் மீட்டர் முள் இருந்த இடத்தை விட்டுக் கிட்டத்தட்ட அசையவே இல்லை. சட்டத்தை மெல்லத் திருப்பி நிமிர்த்தினேன். முள் இறங்கி இறங்கி அடியில் போய் நின்றது. அந்தப் பெரியவர் என் கையிலிருந்து சட்டத்தை வாங்கி, தானும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

சிமுலேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை, செய்யுங்கள். ஆனால் உங்கள் கல்லூரி பெஞ்சை ஒருநாளாவது தொட்டீர்களா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே! தொடாமலேயே முடியாது என்று எழுத எப்படி மனம் வந்தது? மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது, தம்பி. கோபமாக எழுதுகிறேன்தான், உங்கள் ஆசை வீணாகிவிடக் கூடாதே என்ற பதற்றம் எனக்கு.

சனிக்கிழமை லேப் சாவியைக் கேட்டு வாங்குங்கள். கம்பிகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் விட்டு ஒரு சட்டம், 10 மில்லிமீட்டர் விட்டு இன்னொன்று. இரண்டையும் திருப்பிப் பார்த்து, முள் எங்கே நின்றது என்று எனக்கு எழுதுங்கள். அப்புறம் வளையத்துக்குப் போகலாம்.