கண்ணில் நீர் வடிந்தால் முதலில் மருந்துப் பெட்டியைப் படியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 56. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. நாலு மாதமாக இரண்டு கண்ணிலும் நீர் வடிகிறது. காற்றுப் பட்டால் இன்னும் அதிகம். மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்து விட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பவும் வருகிறது. கண்ணீர்ப் பாதை அடைப்பு, ஆபரேஷன்தான் வழி என்கிறார்கள். ஐந்து மாதப் பேரனுக்கும் ஒரு கண்ணில் நீர் கோத்தபடியே இருக்கிறது. அதே மருந்தை அவனுக்கும் விடலாமா?

பதில்: விடவே விடாதீர்கள். உங்களுக்கும் அது வேண்டாம்.

பெட்டியில் மருந்தின் பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. விட்ட உடனே சிவப்பும் உறுத்தலும் அடங்குவதால்தான் அதற்கு ‘நல்ல மருந்து’ என்று பெயர். வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். வலி இருக்காது. பார்வை நரம்பு கெட்டு ஓரப் பார்வை குறைந்த பிறகே தெரியவரும். போன பார்வை திரும்பாது. கண்புரையும் சீக்கிரம் வரும். இப்படிப்பட்ட மருந்தைச் சீட்டுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார்களே, அதைத் தட்டிக் கேட்க வேண்டியவர்கள் என்னதான் செய்கிறார்கள்? நீங்கள் விட்டது ஸ்டீராய்டு என்றால், டாக்டரிடம் பெட்டியைக் காட்டி, கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு கண்ணிலும், காற்றிலும் திரை முன்னாலும் நீர் வடிகிறது என்றால் பெரும்பாலும் கண் வறட்சிதான். நீர் கொட்டும்போது வறட்சியா என்று கேட்பீர்கள். கண்ணீர் காயாமல் இருக்க அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. இமை ஓரத்துச் சுரப்பிகள் அடைபட்டால் அந்த எண்ணெய் குறையும். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதும் பாதியாகிவிடும். காய்ந்த கண் உறுத்தும். உறுத்தினால் நீர் ஒரேயடியாகப் பெருகும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, மணிக்கட்டில் சூடு பார்த்துவிட்டு, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். பிறகு இமையை முடியோரம் நோக்கி மெல்ல நீவிவிடுங்கள். தினம் இரண்டு வேளை, சில வாரமாவது செய்ய வேண்டும். அரிப்பு அதிகம் என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம்.

கண்ணீர் கண்ணிலிருந்து மூக்குக்குள் இறங்கும் பாதையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் ஒரு கண்ணில், எந்நேரமும் வடியும், பீளையும் சேரும். இமையின் உள்மூலையில் உள்ள சிறு துளை வழியே மழுங்கிய ஊசியால் உப்புநீரைச் செலுத்திப் பார்ப்பார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் பாதை திறந்திருக்கிறது. சில நிமிட வேலைதான். இதைக்கூடச் செய்யாமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால், இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

பேரன் விஷயம் வேறு. பிறந்த குழந்தைகள் பலருக்கு அந்தப் பாதையின் அடிமுனையில் மெல்லிய சவ்வு மூடியிருக்கும். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே திறந்துவிடும். மசாஜ் உதவும். ஆனால் பலரும் மூக்கின்மேல் சும்மா தடவுகிறார்கள், அதில் பயனில்லை. நகம் வெட்டி, கையைக் கழுவி, சுண்டுவிரல் நுனியைக் கண்ணின் உள்மூலையில் வைத்து, சற்று அழுத்தி, மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று நான்கு தடவை. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். முதலில் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வெளிச்சம் பட்டால் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். அப்போது மசாஜ் செய்துகொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். உள்மூலையில் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.