கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை: பிளஸ் ஒன் மாணவியின் அப்பாவுக்கு

ஐயா, மகள் கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் வருடக் கணக்கைப் போட்டுவிடுவோம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கொலம்பஸ் ஆய்வுக்கூடம் 2008 பிப்ரவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்தது. நிலையத்தை 2030 வரை இயக்கி, பிறகு கடலில் இறக்குவதுதான் இப்போதைய திட்டம். உங்கள் மகள் பொறியியலும் மாஸ்டர்ஸும் முடிக்கும்போது கொலம்பஸ் இருக்காது. அதை ஓட்டத் தேவைப்படும் திறமைகளுக்கு அடுத்த நிலையங்களிலும் வேலை இருக்கும். அதனால் குறி திறமையில் இருக்கட்டும்.

அந்தக் கூடம் ஏறக்குறைய 7 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் விட்டம் உள்ள உருளை. ஆய்வுக்கென்று பத்து ரேக்குகள் (கருவி அலமாரிகள்). அதில் ஒன்றான, உயிரியல் ஆய்வுக்கான பயோலேபில், செல்களை வளர்க்கும் இன்குபேட்டருக்குள் இரண்டு சுழல்மேடைகள் உண்டு. ஒரே வகைச் செல்களை ஒன்றில் சுழற்றிப் பூமியின் ஈர்ப்பைக் கொடுப்பார்கள், இன்னொன்றை நிறுத்திவைப்பார்கள். வித்தியாசம் ஈர்ப்பால் வந்ததா, வேறு காரணத்தாலா என்பது அப்போதுதான் பிரியும். எடையின்மையால் அங்கே குழாயில் சிக்கிய காற்றுக்குமிழி மேலே ஏறாமல் அங்கேயே நின்று ஓட்டத்தைக் கெடுக்கும். சூடான காற்றும் மேலே போகாது, ஃபேன் நின்றால் சர்க்யூட் சூடேறிக்கொண்டே போகும். இதற்கு உயிரியல், மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் மூன்றும் வேண்டும். மகள் பயோ-மேத்ஸ் குரூப் என்றால் மூன்று கதவும் திறந்தே இருக்கின்றன. பி.இ.யில் 'ஏரோஸ்பேஸ்' என்ற பெயருக்காக மட்டும் சேர்க்காதீர்கள். அடிப்படைப் பாடம் பலமாக இருக்கட்டும்.

வேலை பெரும்பாலும் தரையில்தான். கூடத்தின் கட்டுப்பாட்டு மையம் ஜெர்மனியின் மியூனிக் அருகே ஓபர்பஃபன்ஹோஃபனில். பயோலேபைக் கொலோனிலிருந்தும், திரவ ஆய்வு ரேக்கை நேப்பிள்ஸிலிருந்தும் கவனிக்கிறார்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் குடியுரிமை. முகமையின் நேரடிப் பணிகள் பொதுவாக உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கே. இந்தியா உறுப்பு நாடு இல்லை. பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள், ஒப்பந்த நிறுவனங்கள் வேறு கணக்கு. ஒவ்வொரு விளம்பரத்திலும் குடியுரிமை வரியை முதலில் படியுங்கள்.

ஜெர்மனியில் படிக்கும் செலவு ஊருக்கு ஊர் மாறும். ஸ்டுட்கார்ட்டில் நம் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, பிரேமனில் கல்விக் கட்டணமே இல்லை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. இது தவிர விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் (2025 நிலவரம்). நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மன் விசாவுக்காகத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு வாரக்கணக்கில் ஆகும். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

பிரேமனில் 146 மீட்டர் உயர வீழ்கோபுரம் ஒன்று உண்டு. சோதனைக் கருவிகள் உள்ள பெட்டியை அதற்குள் கீழே விட்டால் 4.74 விநாடி எடையின்மை. ஐ.நா. விண்வெளி அலுவலகம் 'டிராப்டெஸ்' என்ற பெயரில் மாணவர் குழுக்களுக்கு இதில் வாய்ப்பு தந்து வந்திருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பேராசிரியரைப் பிடித்து, அறிவிப்பு வந்திருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.