ரோசலி சொன்ன கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ட்வைலைட்’ நாவல் வரிசை உங்களைக் கவரவே இல்லை என்று போன கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் முதன்முதலாக முழுதாக வாசித்த ஆங்கில நாவல் அதுதான். பிளஸ் ஒன் கோடை விடுமுறையில் நான்கு பாகங்களையும் படித்து முடித்தேன். பெண்பிள்ளைகள் விரும்பிப் படிப்பது என்றாலே எழுத்தாளர்களுக்கு இளக்காரமா? உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள்.

காயத்ரி, திருச்சி

அன்புள்ள காயத்ரி,

ஒரே வரியில் சொன்னது தவறுதான், மன்னியுங்கள். ஆனால் இளக்காரம் இல்லை. எட்வர்ட் என்ற ரத்தக்காட்டேரியைக் காதலிக்கும் பெல்லா என்ற பதினேழு வயதுப் பெண்ணின் ஆசையை நான்கு தடித்த புத்தகங்களின் நடுவில் வைத்து எழுதியதை நான் மதிக்கிறேன். ‘நியூ மூன்’ (2006) நாவலில் எட்வர்ட் விட்டுப் போனதும், அக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மாதத்தின் பெயர் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்கள் வருமே, நினைவிருக்கிறதா? துயரத்தில் நாட்கள் எப்படிக் காணாமல் போகின்றன என்பதை இந்த வரிசையை எழுதிய ஸ்டெபனி மேயர் அங்கே ஒரு சொல்கூட இல்லாமல் காட்டிவிட்டார். கதை நடக்கும், மழை ஓயாத ஃபோர்க்ஸ் ஊரும் எனக்குப் பிடித்தது.

என் மனம் ஒட்டாமல் போனது வேறு இடத்தில். ரத்தக்காட்டேரிக் கதையில் சாவு இல்லாத வாழ்வு கிடைக்கும், ஆனால் அதற்கு யாராவது எதையாவது கொடுத்தாக வேண்டும். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் (1897) லூசி காட்டேரியாக மாறியதும், அவளை மணக்க இருந்த ஆர்தரே அவள் நெஞ்சில் முளையை இறக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தைவிட, அவனை நினைத்த வருத்தம்தான் காரணம்.

மேயருக்கும் இது தெரியாமல் இல்லை. மூன்றாம் பாகமான ‘எக்லிப்ஸி’ல் (2007) எட்வர்டின் காட்டேரிக் குடும்பத்துப் பெண் ரோசலி, தானும் காட்டேரியாக விரும்பும் பெல்லாவிடம் தன் கதையைச் சொல்கிறாளே, அதுதான் இந்த வரிசையிலேயே சிறந்த இடம் என்பேன். நிச்சயம் செய்யப்பட்டவனும் அவன் நண்பர்களும் சீரழித்துத் தெருவில் போட்டுவிட்டுப் போன பெண் அவள். காட்டேரியாக்கப்பட்டதால்தான் பிழைத்தாள். ஆனாலும் அவள் ஏங்குவது, தன் தோழி வேராவுக்கு வாய்த்த சாதாரண வாழ்க்கைக்காக. வீடு, கணவன், கையில் ஒரு குழந்தை, கூடவே வரும் முதுமை. இதெல்லாம் எனக்கு இனி இல்லை, நீயாவது யோசித்து முடிவெடு என்கிறாள். படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரி, இனி பெல்லா எதையாவது இழந்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

கடைசிப் பாகமான ‘பிரேக்கிங் டானி’ல் (2008) என்ன நடந்தது? ரோசலிக்குக் கிடைக்காத குழந்தை, காட்டேரியாக மாறும் முன்பே பெல்லாவுக்குக் கிடைத்துவிடுகிறது. புதிதாக மாறியவர்களை வருடக்கணக்கில் ஆட்டிப்படைக்கும் ரத்தவெறி அவளை மட்டும் பெரிதாகப் பாதிப்பதில்லை. அப்பாவைப் பிரிய வேண்டியிருக்கும் என்று பயந்தோம், அவர் சில நாட்களிலேயே வீட்டுக்கு வந்து பேத்தியைப் பார்க்கிறார். பெல்லாவை நேசித்த நண்பன் ஜேக்கப்பின் ஏக்கம் அந்தக் குழந்தையோடு பிணைந்து கரைந்துபோகிறது. (அது என்னைச் சங்கடப்படுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) கடைசியில் பெரும் போர் வருகிறது என்று பக்கம் பக்கமாகக் காத்திருந்தால், அதுவும் பேச்சிலேயே முடிகிறது.

பிரசவத்தில் அவள் படும் பாடு போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வலி உண்மைதான், முதுகெலும்பே முறிகிறது. ஆனால் சில நாட்களில் கண் விழிக்கும்போது அவள் முன்பைவிட அழகாக, பலமாக இருக்கிறாள், எதுவும் குறையவில்லை. அப்போது ரோசலியின் கண்ணீருக்கு என்ன அர்த்தம்? கதாசிரியரே ஒரு கேள்வியை அவ்வளவு நேர்மையாகக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நழுவிவிட்டதாகவே எனக்குப் பட்டது. ஏமாற்றம் அதில்தான்.

ஜேக்கப்பைப் பார்க்கப் போகக் கூடாது என்று எட்வர்ட் பெல்லாவுடைய வண்டியின் பாகத்தைக் கழற்றி வைப்பதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், எனக்கும் அதே கருத்துதான்.

ஸ்வீடன் எழுத்தாளர் யோன் அய்விடே லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய ‘லெட் தி ரைட் ஒன் இன்’ நாவலை ஆங்கிலத்தில் தேடிப் படியுங்கள். அழைக்காத வீட்டுக்குள் காட்டேரி நுழையக் கூடாது என்பது பழைய விதி. அதில் வரும் காட்டேரி ஏலி அந்த விதியை மீறி, தன்னை நேசிக்கும் பையனின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறது, உடம்பெல்லாம் ரத்தம் கசிகிறது. கொஞ்சம் கொடூரமான புத்தகம், இரவில் வேண்டாம். அப்புறம் ரோசலியின் அத்தியாயத்தை இன்னொரு முறை வாசித்துவிட்டு எழுதுங்கள். அவளுக்கு மேயர் பதில் சொல்லியிருக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றினால், எந்த இடத்தில் என்று காட்டுங்கள். நான் திரும்பப் படிக்கிறேன்.

அன்புடன்.