பட்டறை கேள்வி–பதில்: கோட்டின் எந்தப் பக்கம்?

கேள்வி: சார், கணினி சொல்லும் பாதையில் பலகை வெட்டும் சி.என்.சி. ரவுட்டருக்கு நான் புதிது. 18 மி.மீ. பிளைவுட்டில் 200-க்கு 120 மி.மீ. செவ்வகப் பலகை ஒன்று வரைந்தேன். நடுவில் 50 மி.மீ. வட்ட ஓட்டை, மூலைகளில் போல்ட்டுக்கு நான்கு ஓட்டை. 6 மி.மீ. பிட்டால் (சுழன்று வெட்டும் கத்தி) வெட்டினேன். வந்தது 194-க்கு 114. நடு ஓட்டையோ 56! மெஷினில் ஸ்டெப் அமைப்பை (மோட்டாரின் எத்தனை ஸ்டெப்புக்கு ஒரு மி.மீ. நகர்வு என்பது) மாற்ற வேண்டுமா? போதாக்குறைக்கு, கடைசிச் சுற்றில் பலகை கழன்று ஓரமும் சிதைந்துவிட்டது.

பதில்: ஸ்டெப் அமைப்பில் கை வைக்காதீர்கள். மெஷின் மேல் தப்பில்லை என்று உங்கள் எண்களே சொல்கின்றன. ஸ்டெப் தவறியிருந்தால் எல்லா அளவும் விகிதப்படி தவறும். 200-இல் 6 குறைந்தால் நடு ஓட்டையும் கொஞ்சம் சிறுத்திருக்க வேண்டும். உங்களுக்கோ நீளத்தில் 6 குறைவு, அகலத்திலும் அதே 6 குறைவு, ஓட்டையில் மட்டும் 6 கூடுதல். அந்த 6 உங்கள் பிட்டின் விட்டம். பிட்டின் மையம் கோட்டின் மேலேயே நடந்து, இரண்டு பக்கமும் 3 மி.மீ. தின்றிருக்கிறது.

படத்தை வெட்டும் பாதையாக மாற்றும் கேம் மென்பொருளில் ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று தேர்வு உண்டு: வெளியே, உள்ளே, கோட்டின் மேல். பலகையின் விளிம்புக்கு வெளியே, ஓட்டைகளுக்கு உள்ளே. கோட்டின் மேல் என்பதை எழுத்துப் பொறிக்கும்போது தவிர நான் தொடுவதே இல்லை. சிலர் இதற்குப் பயந்து, வரையும்போதே 3 மி.மீ. தள்ளி வரைந்துவிடுகிறார்கள். அது வேண்டாம். நாளைக்கு அந்த பிட் உடைந்து 5 மி.மீ. பிட் போட்டால் படம் முழுக்கத் திரும்ப வரைய வேண்டும். படத்தில் பொருளின் உண்மையான அளவு மட்டும் இருக்கட்டும்.

உள்ளே எது, வெளியே எது என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டுமானால் கோடு மூடியிருக்க வேண்டும். மூலையில் நூலிழை இடைவெளி இருந்தாலும் திறந்த கோடு என்றே பல மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளும். விளிம்பில் ஓரிடத்தைத் தொட்டுப் பாருங்கள். சுற்றிலும் முழுதாக நிறம் மாறினால் சரி. ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு ஒளிந்திருந்தால் அதே பாதையில் பிட் இரண்டு தடவை போகும். அதையும் இப்போதே பார்த்து அழித்துவிடுங்கள்.

பலகை கழன்ற விஷயம்தான் எனக்குக் கவலை. அளவு தவறினால் ஒரு துண்டு பிளைவுட் போகும். பலகை கழன்றால் பிட் உடைந்து பறக்கும். வரைவதற்குச் செலவழித்த நேரத்தில் பாதியையாவது, கடைசி வெட்டு முடிகிற நொடியில் இந்தப் பலகையை எது பிடித்திருக்கும் என்று யோசிக்கச் செலவழியுங்கள்.

வெட்டும் வரிசையில் முதலில் போல்ட் ஓட்டைகள், அப்புறம் நடு வட்டம், வெளிவிளிம்பு எப்போதும் கடைசி. விளிம்பை முதலில் வெட்டினால் பலகை லேசாக நகரும், பிறகு போடும் ஓட்டை எதுவும் இடத்தில் விழாது. விளிம்பிலும் முழுதாக வெட்டாமல் சிறு பாலங்கள் விட வேண்டும். மெனுவில் டேப் என்று இருக்கும். உங்கள் பலகைக்குப் பக்கத்துக்கு ஒன்று போதும், 8 மி.மீ. அகலம், 2 அல்லது 3 மி.மீ. உயரம். மூலையில் வைக்காமல் நேர்ப்பக்கத்தில் வைத்தால் உளியால் வெட்டித் தேய்ப்பது சுலபம். நடு ஓட்டைக்குள் 38 மி.மீ. வில்லை ஒன்று மிஞ்சும், அதை மறந்துவிடாதீர்கள். கழன்று பிட்டில் சிக்குவது பெரும்பாலும் அதுதான். அதற்கும் இரண்டு பாலம்.

அப்புறம், 18 மி.மீ. என்று வாங்கிய பிளைவுட் பல நேரம் 18 இருக்காது. வெர்னியரால் நாலைந்து இடத்தில் அளந்து, இருப்பதில் பெரிய எண்ணை எடுங்கள். 17.6 என்றால் ஆழம் 17.9, அந்த 0.3, மேசையைக் காக்க அடியில் போட்டிருக்கும் பலிப்பலகைக்குள் இறங்கட்டும். நான் ஷீட்டின் மேற்பரப்பை விட்டுவிட்டுப் பலிப்பலகையின் மேல்மட்டத்தையே உயரத்துக்குப் பூஜ்யமாக வைப்பேன். ஷீட்டின் கனம் முன்னே பின்னே இருந்தாலும் பாலம் சொன்ன உயரத்திலேயே நிற்கும். ஷீட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களின் இடத்தையும் படத்திலேயே குறித்துவிடுங்கள். ஸ்க்ரூ தலையில் பிட் ஏறும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

கேள்வி: சதுரத் துளை வெட்டி அதில் இன்னொரு பலகையின் முனையைச் செருகப் பார்த்தேன். அளவு சரி, ஆனால் உள்ளே போகவில்லை.

பதில்: மூலையைப் பாருங்கள். வட்டமான பிட் உள்மூலையைக் கூர்மையாக வெட்டாது. 6 மி.மீ. பிட் 3 மி.மீ. ஆரம் விடும், மூலைவிட்டத்தில் அளந்தால் 1.2 மி.மீ. மரம் மிச்சம் நிற்கும். செருகும் பலகையின் முனை அதில்தான் இடிக்கிறது. பிட்டின் ஆரத்திலேயே மூலையில் ஒரு சிறு வட்டக்குழி சேர்த்துவிடுங்கள், வட்டத்தின் ஓரம் மூலைப் புள்ளியைத் தொட வேண்டும். டாக்போன் என்று மென்பொருளிலேயே இருக்கும். கண்ணுக்கு அழகில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள், அவர்கள் உளியை எடுத்துக்கொள்ளட்டும்.

எதுவும் செருகாத வெறும் துளையானால் மூலைக்கு 3-க்குப் பதில் 3.5 ஆரம் கொடுங்கள். பிட் மூலையில் நின்று திரும்பாமல் வளைந்து போகும், அதிர்வுக்கோடு விழாது.

கேள்வி: பயந்து பயந்து மெதுவாக வெட்டுகிறேன். நிமிடத்துக்கு 600 மி.மீ., பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 24,000 சுற்று, இரண்டு வெட்டு விளிம்பு உள்ள பிட். அப்படியும் மரம் கருகுகிறது.

பதில்: மெதுவாகப் போவதால்தான் கருகுகிறது. நகரும் வேகத்தைச் சுற்று எண்ணிக்கையாலும் விளிம்புகளாலும் வகுத்தால் ஒரு விளிம்பு ஒரு சுற்றில் கடிக்கும் கனம் கிடைக்கும். உங்களுடையது 0.0125 மி.மீ. இந்தக் கனத்தில் பிட் வெட்டாது, உரசும், உரசினால் சூடு. பிளைவுட்டுக்கு 6 மி.மீ. பிட்டில் 0.1 மி.மீ. அளவுக்காவது கடிக்கட்டும். சுற்றை 18,000-க்கு இறக்கினால் 3,600 மி.மீ. வேகம் வரும். மெஷின் சின்னது, அவ்வளவு தள்ளாது என்றால் ஒரு தடவையில் பிட் இறங்கும் ஆழத்தை 6 மி.மீ.-இலிருந்து 3 ஆக்குங்கள், அல்லது ஒற்றை விளிம்பு பிட் போடுங்கள், வேகம் பாதி போதும். மரத்தூள் மாவாக வராமல் சில்லு சில்லாக வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கேள்வி: 200 மி.மீ. பலகை மென்பொருளில் 7.874 மி.மீ. என்று காட்டுகிறது.

பதில்: 25.4-ஆல் பெருக்குங்கள், 200 வந்துவிடும். படம் அங்குலத்தில் சேமிக்கப்பட்டு மில்லிமீட்டரில் திறந்திருக்கிறது. டி.எக்ஸ்.எஃப். என்ற வரைபடக் கோப்பில் இது அடிக்கடி நடக்கும். திறந்ததும் தெரிந்த ஒரு அளவைச் சரிபாருங்கள். மெஷினுக்குக் கட்டளை சொல்லும் ஜி-கோட் கோப்பின் தொடக்கத்திலும் ஜி21 இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் மில்லிமீட்டர். ஜி20 என்றால் அங்குலம். சந்தேகம் இருந்தால் உயரத்தின் பூஜ்யத்தை 30 மி.மீ. மேலே தூக்கி வைத்துக் காற்றிலேயே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.