ஆசிய கிளப் கால்பந்துப் போட்டியின் வடிவம் ஏன் இத்தனை முறை மாறியது? எலைட், டூ, சேலஞ்ச் லீக் என்பவை என்ன? இந்திய கிளப்கள் எப்படி உள்ளே போகின்றன?

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்வதென்றால், தூரம். டோக்கியோவிலிருந்து ரியாத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கடிகாரம் ஆறு மணி நேரம் பின்னால் போகும். புதன்கிழமை அங்கே ஆடிவிட்டுச் சனிக்கிழமை உள்ளூர் லீக்கில் இறங்க வேண்டிய அணியிடம் என்ன மிச்சமிருக்கும்? ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு (ஏஎஃப்சி) செய்த பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பார்த்தவைதான். கூடவே அரசியலும் பணமும் சேர்ந்துகொண்டன.

தொடக்கத்தில் அரசியல்தான் ஓங்கி நின்றது. 1967இல் முதல் போட்டி. பாங்காக்கில் நடந்த அந்தத் தொடரின் இறுதி ஆட்டத்தில் இஸ்ரேலின் ஹபோயேல் டெல் அவீவ், மலேசியாவின் செலாங்கூரை 2-1 என்று வென்றது. எல்லா அணிகளையும் ஒரே ஊருக்கு வரவழைத்துச் சில நாள்களில் முடித்துவிடுவதுதான் அப்போதைய முறை. 1969இல் இந்தியா சார்பில் போனது ஒரு கிளப் அல்ல, மைசூர் மாநில அணி. நாடு தழுவிய கிளப் லீக் எதுவும் இல்லாத காலம் அது; தேசிய கால்பந்து லீக் 1996-97இல்தான் வந்தது. அதனால் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராபியை வென்ற மாநிலத்தையே அனுப்பினார்கள். மைசூர் நான்காம் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு டெஹ்ரானுக்கு வங்காள அணி போனது.

அந்த 1970 தொடரிலேயே லெபனானின் ஹோமெனெட்மென் அரையிறுதியில் இஸ்ரேலிய அணியுடன் ஆட மறுத்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானின் தாஜ் (இன்றைய எஸ்தெக்லால்) ஹபோயேலை 2-1 என வென்றது. 1971இல் ஈராக்கின் அல் ஷொர்தா இறுதி ஆட்டத்துக்கே இறங்காததால் மக்கபி டெல் அவீவிடம் கோப்பை கொடுக்கப்பட்டது. 1972 போட்டி ரத்தானது. 1974இல் இஸ்ரேல் ஏஎஃப்சியிலிருந்து வெளியேற்றப்பட்டது. கிளப் போட்டி திரும்பி வந்ததோ 1985இல்தான்.

1985 முதல் 2002 வரையிலான ஆசிய கிளப் சாம்பியன்ஷிப்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வட்டார வாரியாகத் தகுதிச் சுற்று, பிறகு ஒரு நகரத்தில் கடைசிச் சுற்று, சில ஆண்டுகள் இரு ஆட்ட இறுதி (ஒவ்வோர் அணியின் ஊரிலும் ஓர் ஆட்டம், கோல்களைக் கூட்டி முடிவு) என்று ஆண்டுக்கு ஆண்டு அளவுகோல் மாறிக்கொண்டே இருந்தது. தேசிய அணியின் முன்னால் கிளப் போட்டிக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு 1987 ஒன்று போதும். சவுதியின் அல் ஹிலால் ஆட்டக்காரர்கள் பலர் தேசிய அணிக்கு அழைக்கப்பட்டதால் கிளப் இறுதி ஆட்டத்திலிருந்து விலகியது. ஜப்பானின் யோமியுரி ஆடாமலே சாம்பியன்.

உண்மையான திருப்பம் 2002-03இல். ஆசிய கிளப் சாம்பியன்ஷிப், கோப்பை வென்றவர்களுக்கான கோப்பை, சூப்பர் கோப்பை மூன்றையும் ஒன்றாக்கி ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் பிறந்தது. முதல் பட்டம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனுக்கு. 2004இல் நாடுகளைத் தரம் பிரித்தார்கள்: லீக் வளர்ந்த நாடுகளுக்கு சாம்பியன்ஸ் லீக், வளரும் நாடுகளுக்கு ஏஎஃப்சி கோப்பை, 2005 முதல் அதற்கும் கீழே பிரசிடெண்ட்ஸ் கோப்பை. இந்தியா இரண்டாம் தட்டில் போய் உட்கார்ந்தது, ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள்.

2004 வடிவம் கறாரானது. நான்கு அணிகள் கொண்ட ஏழு குழுக்கள். ஒவ்வொன்றிலும் முதலிடம் பிடித்த அணி மட்டுமே காலிறுதிக்கு. நடப்புச் சாம்பியன் நேரே காலிறுதியில் நுழையும். குழுவில் ஓர் ஆட்டம் தோற்றாலே கதை முடிந்தது என்ற நிலை. ஆனால் அந்த ஆண்டின் இறுதி ஆட்டம்தான் இரு ஆட்ட முறைக்கு இன்றுவரை சொல்லப்படும் நியாயம்: சவுதியின் அல் இத்திஹாத் சொந்த மைதானத்தில் கொரியாவின் சோங்னாமிடம் 1-3 என்று தோற்றது. கொரியாவுக்குப் போய் 5-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது.

2009இல் குழுச் சுற்று 32 அணிகளாகப் பெருகியது. எட்டுக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் மேலே. இறுதியை ஒரே ஆட்டமாக்கி, 2009, 2010 இரண்டு ஆண்டும் டோக்கியோவில் வைத்தார்கள். ஐரோப்பாவில் இது ஓடும். ரசிகன் ரயிலேறிப் போய்விடுவான். கொரிய அணியும் ஈரானிய அணியும் டோக்கியோவில் ஆடினால் யார் வந்து பார்ப்பது? 2011, 2012இல் இறுதிக்கு வந்த அணிகளில் ஒன்றின் மைதானத்துக்கே ஆட்டம் போனது. அது மற்ற அணிக்கு அநியாயம் என்பதால் 2013இல் மீண்டும் இரு ஆட்டம்.

2014இல் வந்ததுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம். மேற்கும் கிழக்கும் இறுதி வரை சந்திக்கவே கூடாது. மேற்கில் வளைகுடா, ஈரான், ஈராக், நடு ஆசியா, பின்னாளில் இந்தியாவும். கிழக்கில் ஜப்பான், கொரியா, சீனா, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா. பயணச் செலவும் களைப்பும் குறைந்தன. ஆனால் ஒரு பகுதியின் வலுவான இரண்டு அணிகள் அரையிறுதியிலேயே மோதி ஒன்று வெளியேறிவிடும். இறுதியோ ஆண்டுதோறும் ஒரே சாயல்: கிழக்கு ஒருபக்கம், மேற்கு ஒருபக்கம். 2017, 2019, 2022 என்று மூன்று பருவங்களில் ஜப்பானின் உராவாவும் சவுதியின் அல் ஹிலாலும்தான் இறுதியில் நின்றன.

2020இல் கொரோனா. ஆட்டங்களை கத்தாரில் மூடிய வளையத்துக்குள் நடத்தினார்கள். ஓர் ஆட்டத்துக்குக் குறைந்தது 13 பேரைப் பட்டியலில் காட்ட வேண்டும் என்பது விதி. தொற்றால் ஆள் குறைந்த நடப்புச் சாம்பியன் அல் ஹிலாலிடம் 11 பேர்தான் இருந்தார்கள். விலகியதாக அறிவித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். முந்தைய ஆட்டங்களின் முடிவுகளும் அழிந்தன. இந்த ‘விலகியதாகக் கருதப்படும்’ என்ற வாசகத்தை நினைவில் வையுங்கள், இந்தியக் கதையில் மறுபடி வரும்.

2023-24 முதல் பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கி மறு ஆண்டு கோடைக்கு முன் முடிகிறது. மேற்காசிய லீக்குகளுக்கும் ஐரோப்பிய ஆட்டக்காரர் சந்தைக்கும் இது பொருந்தும். பிப்ரவரியில் தொடங்கி ஆண்டிறுதியில் முடியும் லீக்கில் ஆடும் கிழக்கு அணிகளுக்குத்தான் தலைவலி. குழுச் சுற்றை ஓர் அணி ஆடும். நாக் அவுட் வரும்போது பாதி ஆட்கள் மாறியிருப்பார்கள். ஜப்பான் 2026-27 முதல் தன் லீக்கையே ஆகஸ்டுக்கு நகர்த்த முடிவெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மொத்த கோல் சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணி வெல்லும் என்ற வெளியூர் கோல் விதியையும் அதே 2023-24இல் எடுத்துவிட்டார்கள். இரு ஆட்டங்களின் மொத்த கோல் சமமானால் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி.

இப்போது 2024-25இல் வந்த மூன்றடுக்கு முறை.

மேலடுக்கு சாம்பியன்ஸ் லீக் எலைட். தொடங்கியபோது 24 அணிகள், கிழக்கு, மேற்கு என்று பகுதிக்கு 12. பகுதிக்கு 11 இடங்கள் நேரடியானவை, ஒன்று தகுதி ஆட்டத்தில் வென்று வருவது. குழு கிடையாது; 12 அணிக்கும் ஒரே புள்ளிப்பட்டியல். ஒவ்வோர் அணியும் எட்டு வெவ்வேறு எதிரணிகளுடன் தலா ஒருமுறை ஆடும், நான்கு உள்ளூரில், நான்கு வெளியூரில். முதல் எட்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். அந்தச் சுற்றில் பகுதிக்குள்ளேயே முதலாவது எட்டாவதுடன், இரண்டாவது ஏழாவதுடன் என்று இரு ஆட்டங்கள். காலிறுதியிலிருந்துதான் கிழக்கும் மேற்கும் கலக்கின்றன. மீதமுள்ள எட்டு அணிகளும் ஒரே ஊரில் ஒற்றை ஆட்டங்களாக முடித்துவிடும். 2025இல் அந்த ஊர் சவுதியின் ஜித்தா. மே 3 இறுதியில் அதே ஊரின் அல் அஹ்லி, ஜப்பானின் கவாசாகி ஃப்ரொன்டாலேயை 2-0 என்று வென்றது. பயணச் சிக்கலைத் தீர்த்தார்கள், சரி. ஆனால் சொந்த ஊர்க் கூட்டத்தின் நடுவில் ஆடும் அணிக்கு அது எத்தனை பெரிய அனுகூலம் என்பதை யாரும் பேசுவதில்லை. சாம்பியன் பரிசு மட்டும் 1 கோடி டாலர். முன்பு 40 லட்சம். எலைட்டில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்பும் இல்லை. யாருக்கு இது வசதி என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். நான்கு அணிகள் கொண்ட வழக்கமான குழுவில் இரண்டு அணிகள் சமப் புள்ளியில் இருந்தால், முதலில் அவை தமக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள். எலைட்டில் எல்லாரும் எல்லாருடனும் ஆடுவதில்லை. ஆகவே மொத்த கோல் வித்தியாசம்தான் முதல் அளவுகோல். பலவீனமான அணியை 1-0 என்று வென்று திருப்திப்படுவது இங்கே செல்லுபடியாகாது. இன்னொரு ஓட்டை: ஓர் அணி நடுவில் விலகினால் அதன் எல்லா முடிவுகளும் அழிக்கப்படும். 2025 பிப்ரவரியில் சீனாவின் ஷான்டோங் கடைசி லீக் ஆட்டத்துக்கு முன் விலகியது. அதை வென்றவர்களின் மூன்று புள்ளிகள் போயின, தோற்றவர்களுக்கு நட்டமில்லை. கிழக்குப் பட்டியல் ஒரே இரவில் புரண்டது.

நடு அடுக்கு சாம்பியன்ஸ் லீக் டூ. 32 அணிகள், எட்டுக் குழுக்கள், முதல் இரண்டு மேலே. அரையிறுதி வரை இரு ஆட்டங்கள், இறுதி ஒன்றே. கீழடுக்கு சேலஞ்ச் லீக். அங்கே ஒரு குழுவின் அணிகள் ஒரே நாட்டில் கூடி ஆடி முடிக்கும். 2024இல் ஈஸ்ட் பெங்கால் டூவின் தகுதி ஆட்டத்தில் துர்க்மெனிஸ்தானின் அல்தின் அசிரிடம் 2-3 என்று தோற்று, இங்கே இறங்கி, பூட்டானில் குழு முதலிடம் பிடித்துக் காலிறுதி வரை போனது.

இந்தியாவின் வழி இப்போது டூ வழியாகத்தான். 2025-26 பருவத்தில், இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்து லீக் ஷீல்டு வென்ற அணிக்குக் குழுச் சுற்றில் நேரடி இடம் இருந்தது. சூப்பர் கோப்பை வென்ற அணிக்குத் தகுதி ஆட்டம். 2025 ஆகஸ்டில் எஃப்சி கோவா அந்தத் தகுதி ஆட்டத்தில் ஓமனின் அல் சீபை 2-1 என்று வென்று சவுதியின் அல் நஸ்ர் இருந்த குழுவுக்குள் போனது. கோப்பை மட்டும் போதாது, ஏஎஃப்சி உரிமமும் வேண்டும். விளையாட்டு, மைதானம், பணியாளர், சட்டம், நிதி என ஐந்து தலைப்புகளில் பரிசோதனை. ‘ஏ’ வகை நிபந்தனை ஒன்று தவறினாலும் உரிமம் இல்லை. ‘பி’ வகை தவறினால் தண்டனையோடு உரிமம் கிடைக்கலாம். நம் ஊரில் அதிகம் இடறுவது மைதானத்தில். 2019 ஏஎஃப்சி கோப்பையில் சென்னையின் எஃப்சி தன் குழுச் சுற்றின் ‘சொந்த மைதான’ ஆட்டங்களை அகமதாபாத்தில் ஆடியது நினைவிருக்கலாம். கோவையைத் தளமாகக் கொண்ட சென்னை சிட்டி, ஐ-லீக் சாம்பியனாக 2020 ஜனவரியில் சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம் வரை போய் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றது. பிறகு ஏஎஃப்சி கோப்பையில் ஆடத் தொடங்கியதும் கொரோனாவால் அந்தத் தொடரே ரத்தானது.

மேலடுக்கில் நம் கணக்கு சின்னது. 2021இல் குழுச் சுற்றுக்குள் போன முதல் இந்திய கிளப் எஃப்சி கோவா. சொந்த ஊரான கோவாவின் மார்கோவில் மூன்று டிரா, மூன்று தோல்வி. முதல் கோல் எடு பேடியாவுடையது, ஈரானின் பெர்செபோலிஸுக்கு எதிராக. 2022இல் மும்பை சிட்டி ஈராக்கின் விமானப்படை கிளப்பை 2-1 என்று வென்றது குழுச் சுற்றில் முதல் வெற்றி. ஏழு புள்ளியுடன் குழுவில் இரண்டாம் இடம் வந்தும், சிறந்த மூன்று இரண்டாமிடக்காரர்களுக்கே வழி என்பதால் வெளியே வந்தது. இரண்டாம் தட்டான ஏஎஃப்சி கோப்பையில் உச்சம் 2016இல் பெங்களூரு எஃப்சி தொட்ட இறுதி. தோஹாவில் அதே விமானப்படை கிளப்பிடம் 0-1.

கடைசியாக மோகன் பகான். 2024 செப்டம்பரில் டூவின் முதல் ஆட்டத்தில் தஜிகிஸ்தானின் ரவ்ஷனுடன் 0-0. அடுத்து ஈரானின் தப்ரிஸில் டிராக்டருடன் ஆட வேண்டும். பாதுகாப்புக் காரணம் சொல்லிப் போகவில்லை. ஏஎஃப்சி விலகியதாகக் கருதியது, 0-0உம் அழிந்தது. மறு ஆண்டு, செபஹானுடன் ஆட இஸ்ஃபஹான் போக வேண்டிய நேரத்தில் இதேதான். ஆட்டக்காரர்களின் அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேற்குப் பகுதியில் இருக்கும் வரை இந்திய கிளப்புக்கு ஈரானிய அணி குலுக்கலில் வருவது இயல்பு. இரு நாட்டுக்கும் பொதுவான மூன்றாம் நாட்டு மைதானம் வேண்டுமென்றால் அதைக் கேட்க வேண்டிய நேரம் குழு முடிவானவுடன், விமானம் ஏற வேண்டிய வாரத்தில் அல்ல. இதில் இழப்பு ஒரு கிளப்போடு நிற்பதுமில்லை. எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பதை அந்த நாட்டு கிளப்கள் பல பருவங்களில் சேர்த்த புள்ளிகள்தான் முடிவு செய்கின்றன. ஆடாத ஆட்டத்திலிருந்து அந்தக் கணக்கில் எதுவும் சேராது.