தம்பியின் வண்டிக்கு அக்காவின் பென்ஷன்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு 47 வயது. தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். டர்பனில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, மாதம் 28,000 ரேண்ட் சம்பளம். நானும் கம்பெனியும் சேர்ந்து மாதம் 4,200 ரேண்ட் பென்ஷன் ஃபண்டில் போடுகிறோம். பென்ஷன் பணத்தை இரண்டு பானையாகப் பிரிக்கும் டூ-பாட் முறை வந்ததிலிருந்து மூன்று தடவை சேமிப்புப் பானையில் இருந்ததை முழுவதும் எடுத்தேன். தம்பி சரக்கு ஏற்ற ஒரு பிக்கப் வண்டி வாங்கினான், தவணை கட்ட முடியவில்லை. அம்மா போகும்போது அவனை என் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார். இப்போது என் பயம் வேறு. வரி ஏறுகிறது, விலைவாசி ஏறுகிறது, ரேண்டுக்கு மதிப்பில்லை. ஃபண்டில் போடுவதைக் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தை டாலரிலும் கிரிப்டோவிலும் போடச் சொல்கிறார் பெரியம்மா மகன். வாரம் இரண்டு சதவீதம் வருமாம். என்ன செய்யட்டும்?

பதில்: நான்கு பக்கக் கடிதம். மூன்றரைப் பக்கம் வரி, விலைவாசி, ரேண்ட், அரசாங்கம். தம்பியின் வண்டி ஆறே வரியில் முடிந்துவிடுகிறது. நான் அந்த ஆறு வரிக்குத்தான் பதில் எழுதப்போகிறேன், ஏனென்றால் உங்கள் பணம் போகிற வழி அதுதான்.

டூ-பாட் விதிகள் உங்களுக்குத் தெரியும்: மாதம் போடுவதில் மூன்றில் ஒரு பங்கு, உங்களுக்கு 1,400, ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய சேமிப்புப் பானைக்குப் போகும்; தொடக்கத்தில் மட்டும் பழைய இருப்பில் பத்து சதவீதத்தை அதில் மாற்றினார்கள். கணக்கை மட்டும் பார்ப்போம். 2024 செப்டம்பரில் எடுத்தது 30,000. உங்கள் ஃபண்டில் அப்போது 4,20,000 இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பத்து சதவீதம் என்றால் 42,000 வரும், ஆனால் சட்டம் 30,000-த்தோடு நிறுத்திவிட்டது. நல்ல வேளை. 2025 மார்ச்சில் ஆறு மாதத்துச் சேர்க்கை 8,400. இந்த மார்ச்சில் ஒரு வருடத்துச் சேர்க்கை 16,800. மொத்தம் 55,200. உங்கள் சம்பளத்துக்கு இதில் 26 சதவீதம் வரி, அதாவது சுமார் 14,350. ஃபண்டின் கட்டணத்தையும் கழித்தால் தம்பி கைக்குப் போனது 41,000-க்கும் குறைவு.

வரி ஏறுகிறதே என்று கவலைப்படுகிறீர்கள். அது நியாயமான கவலை. 2024, 2025 இரண்டு வருடமும் வரி அடுக்குகளை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவில்லை, சம்பளம் கொஞ்சம் ஏறினாலும் அதில் ஒரு பங்கு வரி வசூலிக்கும் சார்ஸுக்குப் போனது. ஆனால் இந்த 14,350 ரேண்டை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். இதே பணத்தை ஓய்வு பெறும்வரை தொடாமல் வைத்து மொத்தமாக எடுத்தால், ஓய்வுக்காலத்தில் எடுக்கும் மொத்தத் தொகைகளில் முதல் 5,50,000 ரேண்டுக்கு வரியே கிடையாது. 26 சதவீதத்துக்கும் சைபருக்கும் இடையில் இருப்பது உங்கள் பொறுமை மட்டும்தான்.

இன்னும் 18 வருட வேலை இருக்கிறது. விலைவாசிக்கு மேல் நாலு சதவீதம் வளரும் என்று வைத்துக்கொள்வோம். இது உத்தரவாதம் இல்லை, ஒரு மதிப்பீடு. போன 55,200, இன்றைய விலைவாசியில் 1,12,000 ஆகியிருக்கும். வருடா வருடம் சேரும் 16,800-ஐயும் இப்படியே எடுத்துக்கொண்டே போனால் இழப்பது சுமார் 4,30,000. இரண்டையும் சேர்த்தால் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். தம்பிக்குக் கொடுத்தது நாற்பதாயிரம்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பழக்கம் தொடர்ந்தால் அதன் விலை இதுதான்.

தம்பிக்கு உதவவே கூடாது என்று சொல்ல நான் யார்? டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸிலிருந்து நிறவெறி அரசு பெயர்த்து 1960களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்ட குடும்பங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒருவரை ஒருவர் தாங்கித்தான் பிழைத்தன. என் தாத்தா பாட்டியும் அப்படித்தான். ஆனால் அவர்கள் கொடுத்தது அந்த வாரத்துக் கூலியிலிருந்து. கொடுத்தால் தங்கள் தட்டில் என்ன குறையும் என்று அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்தது. உங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் குறைவது 65 வயதில் உங்கள் தட்டில்.

எனவே ஒரு சோதனை. இந்த மார்ச்சில் வரி போகத் தம்பிக்குச் சேர்ந்தது சுமார் 12,400. மாதத்துக்கு ஆயிரம் ரேண்டுக்குக் கொஞ்சம் மேல். அந்த ஆயிரத்தைச் சம்பளத்திலிருந்து கொடுக்க முடியுமா? முடியுமென்றால் கொடுங்கள், ஒரு முடிவுத் தேதியோடு. பானையைத் தொடவே வேண்டாம். வீட்டுச் செலவு போக ஆயிரம் மிஞ்சாது என்றால், இந்த உதவி உங்கள் சக்திக்கு மீறியது. இத்தனை நாள் பென்ஷன் அதை மறைத்து வைத்திருந்தது.

தம்பியின் பக்கம் வருகிறேன். தவணை எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள். தவணையெல்லாம் முடிந்தபின் கடைசியில் மொத்தமாகக் கட்டவேண்டிய பலூன் தொகை உண்டா என்று எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்று படுகிறது. பலூன் இருந்தால் நீங்கள் கட்டும் ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் ஒரு பெரிய தொகை அப்படியே காத்திருக்கும், அன்றைக்கும் அவன் உங்களிடம்தான் வருவான். பேங்க்கிடம் செட்டில்மென்ட் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வண்டியை வெளியில் விற்றால் என்ன வரும் என்று நாலு இடத்தில் விசாரிக்கட்டும். பேங்க்கிடம் திருப்பி ஒப்படைத்தால் பெரும்பாலும் விலை குறைவாகத்தான் போகும், குறைகிற பாக்கி அவன் தலையிலேயே இருக்கும். வேறு கடன்களும் சேர்ந்திருந்தால், 2005ஆம் வருடத்து நேஷனல் கிரெடிட் ஆக்ட் ஒரு வழி வைத்திருக்கிறது. நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டரிடம் பதிவு செய்த கடன் ஆலோசகரிடம் போய்த் தவணைகளை மாற்றி அமைக்கலாம். அவமானமாக இருக்கும் என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கேஸ் போட்டு வண்டி தூக்கிக்கொண்டு போனபின் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

இன்னொன்று கவனியுங்கள். ஃபண்டுக்குள் இருக்கும்வரை உங்கள் பணத்தைக் கடன்காரர்கள் பறிமுதல் செய்ய முடியாது. சார்ஸ் பாக்கி, ஜீவனாம்சம் போன்ற சிலவற்றைத் தவிர சட்டம் அதற்கு வேலி போட்டிருக்கிறது. பேங்க் கணக்குக்கு வந்துவிட்டால் அந்த வேலி இல்லை. தம்பியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறீர்களா? அதைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

பெரியம்மா மகன் சொல்கிற வாரம் இரண்டு சதவீதம். வட்டிக்கு வட்டி போட்டால் ஒரு லட்சம் ஒரே வருடத்தில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம். அப்படிப் பணம் வளர்க்கத் தெரிந்தவர் வாட்ஸாப்பில் வந்து உங்கள் ஆயிரம் ரேண்டைக் கேட்க மாட்டார். ஸ்டெல்லன்போஷில் இருந்து நடந்த மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல், பிட்காயின் பேரைச் சொல்லிப் பணம் திரட்டி 2020 கடைசியில் விழுந்தது. விழுவதற்கு முன்பே நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பான எஃப்எஸ்சிஏ எச்சரித்தது, கேட்டவர்கள் குறைவு. பெரியம்மா மகனிடம் அந்தத் திட்டத்தின் எஃப்எஸ்சிஏ உரிம எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

ரேண்ட் விழுவதைப் பற்றிப் பயமா? பென்ஷன் ஃபண்டுகள் 45 சதவீதம் வரை வெளிநாட்டில் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் ஃபண்டு எவ்வளவு போட்டிருக்கிறது என்று கம்பெனியின் எச்ஆரிடம் அறிக்கை கேட்டுப் பாருங்கள். விலைவாசிக்கும் அதுவேதான் பதில். விலைவாசியோடு ஓடக்கூடிய பங்குகள் அந்த ஃபண்டுக்குள் இருக்கின்றன. நீங்கள் அதிலிருந்து எடுத்துத் தேய்ந்துகொண்டே போகும் வண்டிக்குப் போடுகிறீர்கள். போடும் 4,200-ஐக் குறைக்காதீர்கள். முடிந்தால் அடுத்த சம்பள உயர்வில் கொஞ்சம் கூட்டுங்கள், அதற்கு வரிச்சலுகையும் உண்டு.

அரசு தரும் முதியோர் உதவித்தொகை 2025இல் மாதம் 2,300 ரேண்டை ஒட்டி இருந்தது, அதுவும் வருமானம் பார்த்துத்தான். அதை நம்பி இருக்கும் பெரியவர்களை நான் பார்க்கிறேன். மாதக் கடைசியில் மருந்தா மாவா என்று அவர்கள் யோசிக்கிறார்கள். உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது. வந்தால் தம்பிதான் தாங்க வேண்டும், அவனால் முடியுமா என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். வண்டிக் கடன் ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பலூன் இருக்கிறதா, எத்தனை மாதம் பாக்கி, ஜாமீன் என்று யார் பெயர் இருக்கிறது, இந்த மூன்றையும் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.