மின்சாரம் போனால் எண்ணும் போகுமா?

பரந்தனில் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். நெல் கொண்டுவருவோருக்கான துண்டுக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளின் மெமரி அட்டவணை தானாகவே எண் இடுகிறது. மின்சாரம் போய் வந்ததும் மறுபடி 1 இலிருந்து தொடங்கிவிட்டது. ஏன்?

மெமரி அட்டவணையின் வரிகள் நினைவகத்தில் மட்டுமே இருப்பவை. சர்வர் நின்றால் அட்டவணையின் வடிவம் மிஞ்சும். வரிகளும் அடுத்த எண் எது என்ற கணக்கும் போய்விடும். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு துண்டுகள், இரண்டிலும் 17. ஒன்றில் 12 மூட்டை, மற்றதில் 40. காலபோக அறுவடை நேரத்தில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவரிடம் போய் உங்கள் துண்டு செல்லாது என்று சொல்வது அநியாயம். இன்றே அந்த அட்டவணையை, வரிகளை வன்தட்டில் எழுதிவைக்கும் இன்னோடிபி வகைக்கு மாற்றுங்கள்; இதுவரை அச்சான ஆகப்பெரிய எண்ணுக்கு மேலிருந்து தொடங்குங்கள். மைஎஸ்கியூஎல் 8.0 அல்லது பிந்திய பதிப்பாக இருக்கட்டும். 5.7 வரை இன்னோடிபியும் இந்தக் கணக்கை நினைவகத்தில்தான் வைத்திருந்தது. அந்தப் பதிப்புகளில் கடைசித் துண்டை அழித்துவிட்டுச் சர்வரை நிறுத்தினால், அதே எண் இன்னொருவர் கைக்குப் போகும். நெல் துண்டுக்கு வன்தட்டின் வேகம் தாராளமாகப் போதும்.

மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தின் நினைவக அட்டவணையில் வவுனியாக் கிளைக்கு ஒற்றை எண், மன்னாருக்கு இரட்டை எண் கொடுக்க முடியவில்லையே?

முடியாது. அங்கே ஐடென்டிட்டி என்ற தானியங்கி எண் 1 இல் தொடங்கி ஒவ்வொன்றாகத்தான் ஏறும். 5001 இலிருந்து தொடங்குவதற்கு மட்டும் வழி உண்டு: எண்ணை நாமே இட அனுமதிக்கும் ஐடென்டிட்டி இன்சர்ட்டை இயக்கி, 5000 என்ற எண்ணோடு ஒரு வரியைச் சேர்த்து, அதை அணைத்தபின் அந்த வரியை அழியுங்கள். ஒற்றை, இரட்டை ஆசையை விட்டுவிடுங்கள். மூன்றாவது கிளை திறந்த அன்றே அது உடைந்துவிடும். கிளைக் குறியீட்டைத் தனிப் புலமாக்கி, எண்ணோடு சேர்த்து முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொரு வரியின் தனி அடையாளமாக வையுங்கள். அட்டவணையை ஸ்கீமா ஒன்லி (வடிவம் மட்டுமே சேமிக்கப்படும்) என்று அமைத்திருந்தால், மறுதொடக்கத்தில் பரந்தன்காரரைப் போல நீங்களும் வரிகளை இழப்பீர்கள்.

204க்குப் பின் 206 வந்திருக்கிறது. 205 எங்கே? (முல்லைத்தீவு)

பாதியில் கைவிடப்பட்ட பதிவு ஒன்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எடுத்த எண் திரும்பி வராது, தேட வேண்டாம்.

ஒட்டுசுட்டான் பக்கக் கிராமங்களில் இணையம் இல்லாமல் இரண்டு மடிக்கணினிகளில் விபரம் சேர்க்கிறோம். டாட்நெட் டேட்டாடேபிள் (நிரல் தன் நினைவகத்தில் வைக்கும் அட்டவணை) கொடுக்கும் எண்கள் சர்வரில் உள்ளவற்றோடு மோதுகின்றன.

தொடக்க எண், ஏறுபடி இரண்டையும் -1 ஆக்குங்கள். தற்காலிக எண்கள் -1, -2 என்று இறங்கும். சர்வரின் எண்களைத் தொடாது. பதிவேற்றும்போது சர்வர் கொடுக்கும் உண்மையான எண்ணைத் திரும்ப வாங்கி வரியில் இடுங்கள். ஒரு மடிக்கணினியைப் பதிவேற்றி முடித்தபின் மற்றதைத் தொடங்குங்கள். அதற்கு முன் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடாதீர்கள். இரண்டிலும் -1 இருக்கும்.